வீட்டு லேண்ட்லைன் நம்பரை விடாமல் கம்பெனி மாற முடியுமா?

சாரல்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு லேண்ட்லைன் மாமனார் காலத்தில் வாங்கியது. அவர் இப்போது இல்லை, பில் மட்டும் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. அதே கம்பியில்தான் டிஎஸ்எல் இன்டர்நெட்டும் ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட தவழ்கிறது என்று சொல்லலாம். இப்போது வேறொரு கம்பெனியின் ஃபைபர் வாசல் வரை வந்துவிட்டது. மாறுவதென்று முடிவு செய்துவிட்டோம். இடிப்பது நம்பர்தான். மாமியாருக்கு மனப்பாடமாக இருப்பது அந்த ஒரு நம்பர். சொந்தபந்தம், டாக்டர், பேங்க் எல்லோரிடமும் இருப்பதும் அதுதான்.

புதுக் கம்பெனி விற்பனை ஆள், "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பழைய லைனை நிறுத்தச் சொல்லி நீங்கள் ஒரு போன் போட்டுவிடுங்கள்" என்கிறார். பழைய கம்பெனியைக் கேட்டால், "லைனை நிறுத்தினால் நம்பரும் போய்விடும்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

செம்புக்கம்பி
பழைய கம்பெனி சொன்னது நிஜம், ஆனால் முழுசாகச் சொல்லவில்லை. விற்பனை ஆள் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து.

எந்த நாடாக இருந்தாலும், நம்பரைக் கொண்டுபோகும் வசதி இருக்கும் இடத்தில் முதல் பாடம் இதுதான்: பழைய இணைப்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். நம்பர் உயிரோடு இருந்தால்தான் அதை இன்னொரு கம்பெனி இழுத்துக்கொள்ள முடியும். நீங்கள் புதுக் கம்பெனியிடம் விண்ணப்பம் கொடுக்கிறீர்கள். "என் சார்பில் இந்த நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்று கையெழுத்தோ ஆன்லைன் ஒப்புதலோ தருகிறீர்கள். அவர்கள் பழைய கம்பெனிக்குக் கோரிக்கை அனுப்புகிறார்கள். பழைய கம்பெனி விவரங்களைச் சரிபார்த்து ஒரு தேதி தருகிறது. அந்தத் தேதியில் நம்பர் மாறுகிறது. அது மாறியதும் பழைய போன் இணைப்பு தானாக முடிந்துபோகும். நீங்கள் தனியாகப் போன் போட்டு நிறுத்த வேண்டிய கட்டம் நடுவில் எங்குமே வராது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். ரத்தான நம்பரை மீட்டுத் தரச் சொல்லி வருபவர்களின் முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வழிப்போக்கன்
லேண்ட்லைனா? இன்னுமா? மாமியாருக்கு ஒரு பட்டன் மொபைல் வாங்கிக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் புது நம்பரை மெசேஜ் அனுப்பினால் வேலை முடிந்தது.

கணக்குப்பிள்ளை
வழிப்போக்கன் தம்பி, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அது இல்லை.

சாரல், உங்கள் பதிவில் ஒரு வரி கண்ணில் உறுத்துகிறது. "பில் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது." போர்ட் கோரிக்கைகள், அதாவது நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றக் கேட்கும் கோரிக்கைகள், திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் தொழில்நுட்பம் இல்லை, பெயரும் முகவரியும்தான். புதுக் கம்பெனி படிவத்தில் நீங்கள் உங்கள் பெயரை எழுதுவீர்கள், பழைய கம்பெனி பதிவேட்டில் மாமனார் பெயர் இருக்கும். இரண்டும் ஒட்டாது, கோரிக்கை நிராகரிக்கப்படும்.

இரண்டு வழி இருக்கிறது. முதலில் பழைய கம்பெனியில் இறப்புச் சான்றிதழ் கொடுத்துக் கணக்கை மாமியார் பெயருக்கோ உங்கள் கணவர் பெயருக்கோ மாற்றிவிட்டு, அந்த வேலை அவர்கள் பக்கம் முழுசாக முடிந்த பிறகு போர்ட் கேட்பது ஒன்று. பதிவேட்டில் உள்ளபடியே மாமனார் பெயரில் கேட்பது இன்னொன்று. இரண்டாவது சுலபமாகத் தோன்றும், ஆனால் ஒப்புதல் தர வேண்டிய ஆளே இல்லை, அது முறையும் இல்லை. முதல் வழியில் போங்கள்.

"முழுசாக முடிந்த பிறகு" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்கில் ஏதாவது ஒரு வேலை பாதியில் நின்றால், அது பெயர் மாற்றமோ திட்ட மாற்றமோ இட மாற்றமோ, அது முடியும் வரை போர்ட் கோரிக்கையை கம்ப்யூட்டர் ஏற்காது. "மாதக் கடைசியில் நிறுத்திவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதும் ஒரு வேலைதான். விற்பனை ஆள் சொன்னதைக் கேட்டுப் போன் போட்டால் நம்பர் போவது ஒரு பக்கம், அதற்கு முன்பே கோரிக்கை முட்டி நிற்கும்.

சாரல்
அம்மாடி, நல்லவேளை போன் போடவில்லை. நன்றி ஐயா, நன்றி அண்ணா. பெயர் மாற்றத்துக்கு நாளையே விண்ணப்பம் கொடுக்கிறோம்.

வழிப்போக்கன், நீங்கள் சொன்னதை யோசிக்காமல் இல்லை. மாமியார் மொபைலை எடுத்தால் எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவார். கூடத்தில் இருக்கும் போன் எங்கும் போகாது. அதோடு பேங்க் சரிபார்ப்பு எண்ணை வாய்ஸ் கால் மூலமாக அந்த நம்பருக்குத்தான் சொல்கிறது.

செம்புக்கம்பி
பேங்க் விஷயம் முக்கியம், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். விட்ட நம்பர் சும்மா கிடக்காது. கொஞ்ச காலம் ஆறப்போட்டுவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் நிரந்தரமாகத் துண்டித்த நம்பரை குறைந்தது 45 நாள் யாருக்கும் தரக்கூடாது என்று அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதி வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். உங்கள் மாமியாரின் பேங்க் கால் முன்பின் தெரியாத வீட்டில் ஒலிப்பதை நினைத்துப் பாருங்கள். நம்பரை விட்டுவிடுவதென்றே முடிவு செய்தாலும், எங்கெல்லாம் கொடுத்திருக்கிறோமோ அங்கெல்லாம் மாற்றிய பிறகுதான் விட வேண்டும்.

வழிப்போக்கன்
அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. சரி, ஒரு சந்தேகம். லேண்ட்லைன் நம்பரை அப்படியே மொபைலுக்கு மாற்ற முடியுமா? அப்படியானால் இரண்டு பக்கமும் லாபம்தானே?

வடதுருவம்
நான் இருக்கும் பக்கத்தில் முடியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் மொபைலுக்குத் தனி முன்னெண் கிடையாது. லேண்ட்லைன், மொபைல் இரண்டும் ஒரே ஏரியா கோடில்தான் இருக்கும், பார்த்தால் எது எது என்று தெரியாது. அதனால் வீட்டு நம்பரை மொபைலுக்குக் கொண்டுபோக எண் அமைப்பு குறுக்கே நிற்பதில்லை. அமெரிக்காவில் 2003 நவம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாம் வேறு கதை. அங்கே மொபைல் நம்பர் தனி எண்ணில் தொடங்கும், லேண்ட்லைன் ஊர்க் குறியீட்டோடு தொடங்கும். அழைப்பவருக்கு எவ்வளவு கட்டணம் என்பதும் அதை வைத்துத்தான். அதனால் அந்த வேலியைத் தாண்ட விடுவதில்லை. லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்கோ இன்டர்நெட் போனுக்கோ போகலாம், மொபைல் சிம்முக்குள் போகாது. மொபைலில் பேச ஆசை என்றால் நம்பரை இன்டர்நெட் போன் சேவை ஒன்றுக்குக் கொண்டுபோய், அவர்கள் ஆப்பை மொபைலில் போட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்க விதிகள் பற்றி இன்னும் கொஞ்சம், கேட்பவர்களுக்கு உதவும். நம்பரைக் கொண்டுபோகும் உரிமைக்கு அடிப்படை 1996 டெலிகம்யூனிகேஷன்ஸ் சட்டம். ஒற்றை லைன், சிக்கல் இல்லாத கணக்கு என்றால் ஒரு வேலைநாளில் முடிக்க வேண்டும். பில் பாக்கி இருக்கிறது, ஒப்பந்தம் முடியவில்லை என்று சொல்லி பழைய கம்பெனி நம்பரைப் பிடித்து வைக்கக்கூடாது. பாக்கியைக் கட்டவேண்டியது உங்கள் கடமை, அது தனி. ஆனால் ஊர் விட்டு ஊர் வெகுதூரம் குடிபோனால் பழைய நம்பர் கூடவே வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. லேண்ட்லைன் நம்பர் ஒரு சின்ன நிலப்பகுதியோடு கட்டுண்டது, புதுக் கம்பெனிக்கு அந்தப் பகுதியில் சேவை இருக்க வேண்டும்.

பனிமூட்டம்
ஐரோப்பியப் பக்கத்துக்கு நான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டக்கோவையில் ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. ஒப்பந்தத்தை முடித்த பிறகும் குறைந்தது ஒரு மாதம் வரை நம்பரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோகும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு, அதை அவராக விட்டுக்கொடுக்காத வரை. அதை நம்பி முதலில் ரத்து செய்யுங்கள் என்று சொல்லவரவில்லை. தவறிப்போனவர்கள் உடனே ஓடினால் கதவு திறந்திருக்கலாம்.

பிரான்ஸில் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டு போனிலிருந்தே 3179 அழைத்தால் ரியோ என்ற 12 எழுத்து எண் குறியீடு கிடைக்கும். அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்தால் போதும். பெயர் எழுத்துப்பிழை, கதவு எண் சண்டை எல்லாம் பெருமளவு ஒழிந்தது.

பிரிட்டனில் 2024 செப்டம்பர் 12 முதல் ஒரே தொடுகை மாற்றம் வந்துவிட்டது. புதுக் கம்பெனியிடம் மட்டும் பேசினால் போதும், பழையவர்களைக் கூப்பிட வேண்டாம். ஆனால் விண்ணப்பிக்கும்போது "என் நம்பரும் வர வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சிலர் புது நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊருணி
இந்தியாவில் இந்த வசதி உண்டா? மொபைலில் 1900க்கு மெசேஜ் அனுப்பி மாறினோமே, அதுபோல லேண்ட்லைனுக்கு?

வடதுருவம்
இந்தியாவில் 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது மொபைல் நம்பருக்கு மட்டும்தான். அந்த 1900 மெசேஜ், திரும்பி வரும் குறியீடு எல்லாம் மொபைல் நம்பருக்கான ஏற்பாடு. லேண்ட்லைன் நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படிக் கொண்டுபோக முடியாது. கம்பெனியை விடாமல் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறினால் அதே நம்பரைத் தொடர முடியுமா என்று கேளுங்கள். அது அந்தக் கம்பெனிக்குள் நடக்கும் வேலை.

மட்டுறுத்துநர்
சாரல், நீங்கள் இணைத்த பில் படத்தை நீக்கிவிட்டேன். அதில் கணக்கு எண் முழுசாகத் தெரிந்தது. நம்பர், கணக்கு எண், முகவரி மூன்றும் ஒருவர் கையில் இருந்தால் உங்களுக்குத் தெரியாமலே போர்ட் கோரிக்கை போட முயற்சி செய்யலாம். எல்லோருக்கும்தான் சொல்கிறேன், இங்கே பில் போடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
மட்டுறுத்துநர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தத் திருட்டுக்குப் பயந்துதான் சில கம்பெனிகளில் கணக்குக்குப் பூட்டு போடும் வசதி இருக்கிறது. பூட்டு போட்டிருந்தால் யார் கேட்டாலும் நம்பர் வெளியே போகாது, நீங்களே கேட்டாலும். மாமனார் எப்போதோ போட்டு வைத்திருக்கலாம். பெயர் மாற்றப் போகும்போது பூட்டு இருக்கிறதா, கணக்குக்கு ரகசிய எண் இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வேலையும் அதே நடையில் முடியும். "எங்கள் கணக்கில் பெயர், முகவரி எப்படிப் பதிவாகியிருக்கிறது, எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பில்லில் அச்சாவதும் உள்ளே பதிவேட்டில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பில் போகும் முகவரி வேறு, லைன் இருக்கும் முகவரி வேறு. போர்ட் படிவத்தில் கேட்பது இரண்டாவது.

அகல்
இடையில் புகுந்து ஒரு கேள்வி, தெரிந்துகொள்ளும் ஆசைதான். நம்பரின் முதல் எண்களே எந்த எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லும் என்பார்கள். அப்படியிருக்க அதே நம்பர் வேறு கம்பெனி ஃபைபருக்குப் போனால், கால் எப்படி வழி தெரிந்து வருகிறது?

செம்புக்கம்பி
நல்ல கேள்வி தம்பி, இதைக் கேட்க ஆள் இல்லையே என்று இருந்தேன்.

அந்தக் காலத்தில் நம்பர்தான் வழி. முதல் சில எண்கள் எக்ஸ்சேஞ்ச், கடைசி நான்கு எண்கள் அந்த எக்ஸ்சேஞ்சுக்குள் உங்கள் இணைப்பு. ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றச் சுழற்ற அங்கே சுவிட்சுகள் டக் டக்கென்று நகர்ந்து உங்கள் ஜோடிக் கம்பியில் போய் நிற்கும். கம்பி நகராமல் நம்பர் நகர முடியாது.

இப்போது நம்பருக்கும் வழிக்கும் நடுவில் ஒரு பட்டியல் வந்துவிட்டது. வட அமெரிக்காவில் கம்பெனி மாறிய ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே இன்னொரு 10 இலக்க எண் எழுதி வைத்திருப்பார்கள், கால் எந்த சுவிட்சுக்கு, அதாவது எந்தக் கம்பெனியின் இணைப்பு இயந்திரத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எண். யாராவது உங்களை அழைத்தால் அவர்கள் நெட்வொர்க் முதலில் பட்டியலைப் பார்க்கும், மறைந்திருக்கும் எண்ணை எடுக்கும், அங்கே காலை அனுப்பும். அவர்கள் சுழற்றிய நம்பர் கடைசியில் உங்கள் போனை மணியடிக்க மட்டும் பயன்படும்.

பிரிட்டனில் வழக்கம் வேறு. அங்கே அந்த நம்பர் வரிசையை முதலில் வாங்கி வைத்திருந்த கம்பெனிக்கே கால் போகும், அவர்கள் "அது இப்போது அங்கே" என்று புதுக் கம்பெனிக்குத் தள்ளிவிடுவார்கள். நம்பர் எத்தனை கை மாறினாலும் முதல் கம்பெனியின் வாசல் வழியாகத்தான் சுற்றிக்கொண்டு வரும். எனக்கு இந்த ஏற்பாட்டில் அவ்வளவு மதிப்பு இல்லை. முதல் கம்பெனியில் கோளாறு என்றால் எப்போதோ பிரிந்து போனவர்களும் சேர்ந்து அவதிப்பட வேண்டும்.

அகல்
அருமை ஐயா. நன்றி.

மின்மினி
சாரல் அக்கா, ஒரு மாற்றுக் கருத்து. நம்பரை ஃபைபர் கம்பெனியிடமே ஏன் கொடுக்கிறீர்கள்? இன்டர்நெட்டுக்கு ஒரு கம்பெனி, நம்பருக்குத் தனியாக ஒரு இன்டர்நெட் போன் கம்பெனி என்று பிரித்துவிடுங்கள். நாளைக்கு ஃபைபரை மாற்றினாலும் நம்பரைத் தொட வேண்டியதில்லை. சின்ன அடாப்டர் பெட்டி ஒன்றை ரூட்டரில் சொருகி அதில் பழைய போனைச் சொருகினால் முடிந்தது.

பனிமூட்டம்
மின்மினி சொல்வது எனக்கு, உங்களுக்குச் சரி. கூடத்தில் போன் மணி அடிக்காவிட்டால் மாமியார் யாரைக் கூப்பிடுவது? ஃபைபர் கம்பெனி "இன்டர்நெட் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும், போன் கம்பெனி "உங்கள் இன்டர்நெட்டைப் பாருங்கள்" என்று சொல்லும். ஒரே கம்பெனி என்றால் திட்டுவதற்கு ஒரே வாசல்.

மின்மினி
ஒரே வாசல் என்பது உண்மைதான், ஆனால் அந்த வாசலில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா :)

நம்பரைப் பயன்படுத்தவே போவதில்லை, ஆனால் இழக்கவும் மனமில்லை என்பவர்களுக்காவது தனிக் கம்பெனிதான் வழி. குறைந்த செலவில் நம்பரை நிறுத்தி வைத்து, வரும் கால்களை மொபைலுக்குத் திருப்பிவிடும் சேவைகள் இருக்கின்றன.

செம்புக்கம்பி
இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். செம்புக் கம்பியில் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, 48 வோல்ட். வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசியது அதனால்தான். ஃபைபரில் அது கிடையாது. கரண்ட் போனால் ரூட்டர் போகும், ரூட்டர் போனால் போனும் போகும். வயதானவர் இருக்கும் வீடு, ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வைத்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து என்பதைக் கவனியுங்கள், ஒன்றுக்கு மட்டும் வைத்துப் பயனில்லை.

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பட்டன், திருட்டு அலாரம், ஃபேக்ஸ், இவற்றில் எதாவது அந்த லைனில் இருக்கிறதா? இருந்தால் மாறுவதற்கு முன்பே அந்தந்தக் கம்பெனியிடம் ஃபைபர் போனில் வேலை செய்யுமா என்று கேட்க வேண்டும். பிரிட்டனில் செம்பு போன் நெட்வொர்க்கை 2027 ஜனவரியில் முழுசாக மூடப்போகிறார்கள். முதலில் சொன்ன தேதி 2025 டிசம்பர். தள்ளிப்போனதற்கு முக்கியக் காரணமே இந்த அவசர பட்டன்காரர்கள்தான்.

அப்புறம், இன்டர்நெட் போன் என்றால் அவசர உதவிக்கு அழைக்கும்போது எந்த முகவரி காட்ட வேண்டும் என்று கம்பெனியிடம் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்துவிட்டு, சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சாரல்
எல்லோருக்கும் ஒரு நிலவரம். பெயர் மாற்றம் முடிந்தது, கணக்கு இப்போது மாமியார் பெயரில். பூட்டு இல்லை. ஃபைபர் கம்பெனியிடமே நம்பரையும் கேட்டோம் (மின்மினி, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரே வாசல் போதும் என்று மாமியார் தீர்ப்பு). ஆனால் கோரிக்கை திரும்பி வந்துவிட்டது. காரணம் "முகவரி பொருந்தவில்லை" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பில்லில் உள்ளபடிதான் எழுதினோம். டிஎஸ்எல்லும் அந்த லைனில் இருப்பதால் சிக்கலாக இருக்குமா?

கணக்குப்பிள்ளை
நான் சொன்ன எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லும் வேலையைச் செய்தீர்களா? லைன் இருக்கும் முகவரியைக் கேளுங்கள். கட்டடத்துக்குக் கதவு எண் மாறியிருந்தால் பழையதுதான் உள்ளே கிடக்கும்.

டிஎஸ்எல் கேள்வி நல்லது. அந்த இன்டர்நெட் உங்கள் போன் நம்பரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நம்பர் போகிற அன்றே அதுவும் நின்றுபோக வாய்ப்பு அதிகம். அதனால் முதலில் ஃபைபர் இன்டர்நெட் வீட்டில் வேலை செய்யட்டும். ஃபைபர் கம்பெனி தற்காலிகமாக ஒரு நம்பர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். போன் மணி அடிப்பது, பேசுவது எல்லாம் அதில் சோதித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பழைய நம்பரை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு வேலையையும் ஒரே நாளில் வைத்தால் எது கெட்டது என்றே கண்டுபிடிக்க முடியாது.

சாரல்
நீங்கள் சொன்னதுதான் ஐயா! லைன் முகவரியில் பழைய கதவு எண் கிடக்கிறது. பில்லில் புதியது. உள்ளே இருப்பது போலவே பழைய எண்ணை எழுதி மறுபடி அனுப்பச் சொன்னோம், இந்த முறை ஏற்றுக்கொண்டு தேதி கொடுத்துவிட்டார்கள். ஃபைபர் இன்டர்நெட் ஏற்கனவே வந்துவிட்டது, தற்காலிக நம்பரில் போனும் பேசுகிறது.

இன்னொன்று. ரூட்டர் மாடியில் இருக்கிறது. கீழே கூடத்தில் சுவரில் பழைய போன் சாக்கெட். ரூட்டரிலிருந்து ஒரு வயரை எடுத்து மாடியில் உள்ள சுவர் சாக்கெட்டில் சொருகினால் கீழே வேலை செய்யும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். செய்யலாமா?

செம்புக்கம்பி
செய்யலாம், ஆனால் முதலில் வெளியிலிருந்து வரும் கம்பியை வீட்டு வயரிங்கிலிருந்து பிரித்துவிட வேண்டும். வாசல் பக்கம் லைன் நுழையும் இடத்தில் ஒரு சின்ன பெட்டி இருக்கும், அங்கே பிரிக்கலாம். பிரிக்காமல் சொருகினால் எக்ஸ்சேஞ்ச் வோல்டேஜும் ரூட்டரின் போன் துளையும் ஒரே கம்பியில் மோதும், அந்தத் துளை எரிந்துபோகலாம். நம்பர் மாறிவிட்டதே, பழைய லைன் செத்திருக்கும் என்று நம்பாதீர்கள். பேச்சு நின்றாலும் வோல்டேஜ் சில காலம் அப்படியே இருக்கும். எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரூட்டரில் போன் படம் போட்ட துளை இருக்கும். நெட்வொர்க் கேபிள் போகும் துளையைவிடச் சின்னது, அதில்தான் சொருக வேண்டும். அந்தத் துளைக்கு மணி அடிக்கும் பலம் கொஞ்சம்தான். வீடு முழுக்க நாலைந்து பழைய போன் மாட்டினால் மணி முனகும், சமயத்தில் அடிக்காது. சுழற்றும் டயல் போன் இருந்தால் நிறைய ரூட்டர்களுக்கு அது புரியாது, வரும் கால்களை எடுக்கலாம், நாமாக அழைக்க முடியாது.

சாரல்
டயல் போன் இல்லை, ஒரே ஒரு பட்டன் போன்தான். நன்றி ஐயா.

நம்பர் இன்று காலை மாறிவிட்டது! என் மொபைலிலிருந்து அழைத்தேன், மணி அடித்தது. மாமியார் எடுத்துப் பேசினார், "என்ன, பக்கத்திலிருந்தே கூப்பிடுகிறாய்?" என்று கேட்டார். ஆனால் நாத்தனார் அழைத்தால் மணி போகிறதாம், இங்கே எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு லேண்ட்லைனிலிருந்தும் அப்படித்தான்.

செம்புக்கம்பி
நாத்தனாரும் பக்கத்து வீட்டாரும் எந்தக் கம்பெனி? உங்கள் பழைய கம்பெனிதானே?

சாரல்
ஆமாம்! இரண்டு பேருமே. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

செம்புக்கம்பி
இது பழைய வியாதி. பழைய கம்பெனி தன் சுவிட்சில் உங்கள் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. மற்ற கம்பெனியிலிருந்து வரும் கால் பட்டியலைப் பார்த்து உங்களிடம் சரியாக வருகிறது. அவர்கள் வாடிக்கையாளர் அழைத்தால் மட்டும், "நம்பர் நம்மிடமே இருக்கிறதே" என்று உள்ளேயே பழைய கம்பியில் மணி அடிக்கிறது. நீங்கள் அந்தக் கம்பியைப் பிரித்துவிட்டீர்கள், யாருக்குக் கேட்கும்?

இரவுக்குள் தானாகச் சரியாகலாம். நாளைக்கும் இப்படியே இருந்தால் பழைய கம்பெனியைக் கூப்பிடாதீர்கள், "நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லை" என்பார்கள். புதுக் கம்பெனிக்குச் சொல்லுங்கள். "பழைய கம்பெனியின் நம்பர்களிலிருந்து மட்டும் கால் வரவில்லை, போர்ட் ஆன பிறகு அவர்கள் சுவிட்சில் நம்பரை நீக்கவில்லை" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எந்த நம்பரிலிருந்து எத்தனை மணிக்கு அழைத்தார்கள் என்று இரண்டு உதாரணம் குறித்துக் கொடுங்கள். சும்மா "கால் வரவில்லை" என்றால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லியே பொழுதைக் கழிப்பார்கள்.

வழிப்போக்கன்
இவ்வளவு இருக்கிறதா இதில்! என் அப்பா வீட்டிலும் லேண்ட்லைன் இருக்கிறது. பில்லை எடுத்துப் பார்த்தேன், தாத்தா பெயரில் வருகிறது.

கணக்குப்பிள்ளை
பெயர் மாற்றத்திலிருந்து ஆரம்பியுங்கள் தம்பி.

சாரல்
மறுநாள் மதியத்துக்குள் நாத்தனார் கால் வந்துவிட்டது. புதுக் கம்பெனியில் செம்புக்கம்பி ஐயா சொன்ன வார்த்தைகளையே படித்துக் காட்டினேன், எதிரில் இருந்த பெண் ரூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் புகார் டிக்கெட் போட்டுவிட்டார்.

பழைய கம்பெனி வாய்ஸ்மெயிலில் மாமனார் குரலில் ஒரு வரவேற்பு இருந்தது. நம்பர் மாறினால் அது போய்விடும் என்று கணவருக்குத் தோன்றி, முந்தைய நாளே ஸ்பீக்கரில் போட்டு மொபைலில் பதிவு செய்து வைத்துவிட்டார். யாராவது மாறப்போகிறீர்கள் என்றால் வாய்ஸ்மெயிலில் உள்ளதை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், அது நம்பரோடு வருவதில்லை. இப்போது பழைய கம்பெனியிடமிருந்து அடுத்த மாதத்துக்கும் சேர்த்து ஒரு பில் வந்திருக்கிறது, டிஎஸ்எல்லுக்கு மட்டும். இதைக் கட்ட வேண்டுமா?

கணக்குப்பிள்ளை
போன் போனது, டிஎஸ்எல் கணக்கு தனியாகத் தொங்குகிறது. இப்போது தாராளமாகப் போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள், நம்பர் உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது. போர்ட் ஆன தேதியைச் சொல்லி, அந்தத் தேதிக்குப் பிந்தைய தொகையைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாடகை மோடம் இருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.